சோடி முயல்கள்: புத்தளம் கரையோரத்தில் செல்லப்பிராணி இனப்பெருக்கமும் அதன் நலப் பிரச்சினைகளும்

வளர்ப்பதற்கு முயல் வாங்கப் போகிறவர் பெரும்பாலும் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவதில்லை. ஆணும் பெண்ணுமாக ஒரு சோடி கேட்பார். விற்பவரும் சோடி விலையே சொல்வார். சிலாபம் தொடங்கி உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி என்று நீளும் கரையோரத்திலும் இதுவே வழக்கம். தனியே விட்டால் முயல் ஏங்கிப்போகும் என்ற இரக்கம் வாங்குபவருக்கு இருக்கிறது. அந்த இரக்கம் நியாயமானது. முயல் கூட்டமாக வாழும் பிராணி. ஆனால் ஆணையும் பெண்ணையும் ஒரே கூட்டில் விட்ட நாளிலிருந்து அந்த வீடு, வீட்டுக்காரர் எண்ணியிருந்தாலும் எண்ணாவிட்டாலும், ஓர் இனப்பெருக்கப் பண்ணையாகிவிடுகிறது.

செல்ல முயல்களின் துன்பத்துக்கு வேண்டுமென்றே செய்யப்படும் கொடுமை காரணமாவது அரிது. அடிப்பவர்களும் பட்டினி போடுபவர்களும் சிலரே. பெரும்பகுதித் துன்பம் யாரும் திட்டமிடாத பிறப்புகளிலிருந்து வருகிறது. வயதுக்கு வராத தாய், ஓய்வில்லாத கர்ப்பம், பால் மறக்குமுன் விற்கப்படும் குட்டி, அழகுக்காகக் குறுக்கப்பட்ட முகம், இவை எல்லாவற்றின் மீதும் இறங்கும் கரையோர வெயில் என்று அது தொடர்கிறது. இவற்றுள் எதுவும் விதியல்ல. முயலின் உடல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர் இவற்றில் பெரும்பாலானவற்றை மருந்தோ பெருஞ்செலவோ இல்லாமலே தடுக்க முடியும்.

வேறு நிலத்தின் பிராணி

கற்பிட்டிப் பற்றைக்காடுகளிலும் வில்பத்து தேசியப் பூங்காவின் புல்வெளிகளிலும் காணப்படும் நாட்டு முயல் கருங்கழுத்து முயல் எனப்படும். அறிவியலில் அது லெபஸ் நைக்ரிகொல்லிஸ். அது வளை தோண்டாது. புல்லின் மறைவில் சிறு குழிவில் படுத்திருக்கும். அதன் குட்டி உடம்பு முழுக்க மயிருடனும் திறந்த கண்களுடனும் பிறக்கும். சிறிது நேரத்தில் நகரத் தொடங்கிவிடும். வெயிலோடும் வறட்சியோடும் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்து பழகிய உடல் அது.

கூட்டில் வளரும் முயல் வேறு பேரினம். ஓரிக்டோலாகஸ் குனிகுலஸ் என்ற ஐரோப்பிய முயலின் வழிவந்தது. ஸ்பெயினும் போர்த்துக்கலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பமே அதன் தாயகம். காட்டில் அது மண்ணுக்கடியில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். பகலின் பெரும்பகுதியை அந்தக் குளிர்ந்த இருட்டில் கழித்து, அந்தியிலும் விடியலிலும் மேயும். அதன் குட்டி மயிரின்றி, கண் திறவாமல், தன் உடற்சூட்டைத் தானே காக்க முடியாத நிலையில் பிறக்கிறது. வளையும் தாயின் மயிர்ப் படுக்கையும் அதற்கு இரண்டாவது கருப்பை போன்றவை. பல நூற்றாண்டு வளர்ப்பு அதன் நிறத்தையும் அளவையும் மாற்றியிருக்கிறது. வளை தேடும் இயல்பையும் குளிர்ச்சி தேடும் உடலையும் மாற்றவில்லை.

இந்த இரண்டு பிராணிகளும் ஒன்றோடொன்று கலந்து இனம்பெருக்குவதில்லை. எனவே ‘கூடிப்போன’ குட்டிகளைப் பற்றைக்குள் விட்டுவிட்டால் காட்டு முயலோடு சேர்ந்து பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. வெள்ளை நிறத்தில், மனிதரைக் கண்டால் ஓடத் தெரியாமல் நிற்கும் ஒரு கூட்டு முயலை நாயோ நரியோ பிடிக்க அதிக நேரமாகாது. பிழைத்துவிட்டால் அது வேறு வகை ஆபத்து. 1859இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தொமஸ் ஒஸ்டின் என்ற நில உரிமையாளர் தன் பண்ணைக்கு இங்கிலாந்திலிருந்து வருவித்த இரண்டு டசின் அளவிலான முயல்கள், ஒரு கண்டத்தின் மேய்ச்சல் நிலத்தையே அழித்த பெருக்கத்துக்கு வித்திட்டன. காட்டில் விடுவது விடுதலை அல்ல. அது முயலையும் நிலத்தையும் ஒருசேரக் கைவிடுவது.

வெயில்

முயலுக்கு இதமான வெப்பநிலை ஏறத்தாழ 15 முதல் 20 பாகை செல்சியஸ். 30 பாகையைத் தாண்டினால் அதன் உடல் சிரமப்படத் தொடங்குகிறது. 35ஐத் தாண்டினால் உடற்சூட்டைக் கட்டுப்படுத்தும் திறன் தளர்ந்து, உயிருக்கே ஆபத்தாகிறது. புத்தளத்தின் சராசரி வெப்பநிலையே 27 பாகையை ஒட்டியது. பங்குனி, சித்திரையில் பகல் வெப்பம் 32, 33 பாகையைத் தொடுவது சாதாரணம். களப்பும் கடலும் சூழ்ந்திருப்பதால் காற்றில் ஈரமும் அதிகம். அதாவது, இந்தக் கரையில் ஆண்டின் எந்த மாதத்திலும் ஒரு முயல் தன் உடலுக்கு ஏற்ற பகல் பொழுதைக் காண்பதில்லை.

முயலுக்கு நம்மைப்போல வியர்க்காது. நாயைப்போல நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துச் சூட்டைத் தணிக்கவும் அதற்குப் பெரிதாக முடியாது. அதற்குள்ள முக்கிய வழி காதுதான். காதின் இரத்தக் குழாய்கள் விரிந்து, ஓடும் இரத்தத்தின் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கின்றன. காற்றே சூடாக இருந்தால் அந்த வழியும் அடைபடுகிறது.

தகரக் கூரைக்குக் கீழே, மூன்று பக்கமும் பலகை அடித்த ஒரு பெட்டிக் கூட்டை நண்பகலில் பாருங்கள். முயல் நான்கு காலையும் நீட்டி வயிறு தரையில் படிய நீளமாகக் கிடக்கும். மூக்கு வழக்கத்தைவிட வேகமாகத் துடிக்கும். மூக்கைச் சுற்றியுள்ள மயிர் நனைந்திருக்கும். காதைத் தொட்டால் சுடும். கிண்ணத்தில் தண்ணீர் இளஞ்சூடாக இருக்கும், அல்லது கவிழ்ந்திருக்கும். சாப்பாடு காலையில் போட்டபடியே கிடக்கும். “சோம்பிப் படுத்திருக்குது” என்று வீட்டில் சொல்வார்கள். அது சோம்பல் அல்ல. உடல் கடைசி வழிகளைத் தேடிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் முயலின் வயிறும் நின்றுவிடக்கூடும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. தொடர்ந்து உண்டு தொடர்ந்து கழிக்க வேண்டிய உடல் அது. அரை நாளுக்கு மேல் உண்ணாமல் கிடந்தால் குடலசைவு நின்று, வாயு நிறைந்து, ஓரிரு நாளில் இறந்துவிடலாம்.

இனப்பெருக்கத்தோடு வெயிலுக்கு நேரடித் தொடர்பு உண்டு. நீடித்த வெப்பம் ஆண் முயலின் விந்தணுக்களைப் பாதிக்கிறது. அது தேற இரண்டு மாதம் வரை ஆகலாம். பெண்ணில் கருக்கள் கலைகின்றன, ஈற்றுக்குக் குட்டிகள் குறைகின்றன, பால் வற்றுகிறது. குட்டி போட்ட பெண்ணுக்குச் சாதாரண நாளிலேயே தண்ணீர் அதிகம் தேவை. 2 கிலோ எடையுள்ள ஒரு முயல் நாளொன்றுக்கு 100 முதல் 300 மில்லிலீற்றர் வரை குடிக்கும்; பால் கொடுக்கும் தாய்க்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். தண்ணீர் தீர்ந்த கூட்டில் தாய் தன் குட்டிகளைக் கடித்துத் தின்னும் நிகழ்வுகள் உண்டு. அதைப் ‘பொல்லாத தாய்’ என்று பேசுகிறார்கள். பொல்லாதது அந்தக் கூட்டின் நிலைமை.

இந்த இடத்தில் தமிழ்நாட்டின் அனுபவம் ஒன்றை நினைவுகொள்வது தகும். அங்கே முயல் இனப்பெருக்கத்துக்குப் பெயர்பெற்ற அரச மையம், மத்திய செம்மறியாடு மற்றும் கம்பள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம், கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2000 மீற்றர் உயரத்தில் வெள்ளை ஜயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்கள் அங்கே வளர்க்கப்படுகின்றன. அந்த மலைக்காற்றில் அவை செழிப்பதில் வியப்பில்லை. அதே உடல்வாகு கொண்ட முயல் கடற்கரை மணலில், தகரத்துக்குக் கீழே அதே பலனைத் தரும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு.

முப்பத்தொரு நாள்

பெண் முயலுக்கு மாடு, நாய்போல ஒழுங்கான சினைப்பருவச் சுற்று இல்லை. இணை சேர்வதே அதன் முட்டையை வெளிவிடச் செய்கிறது; சேர்ந்து 10 முதல் 12 மணி நேரத்தில் முட்டை இறங்கும். கர்ப்பகாலம் ஏறத்தாழ 31 நாள். குட்டி போட்ட அன்றே மீண்டும் கருத்தரிக்கவும் அதனால் முடியும். சிறிய இனங்கள் நான்கு மாத அளவிலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடுகின்றன. ஆனால் அந்த வயதில் பெண்ணின் எலும்பும் இடுப்பும் வளர்ந்து முடிந்திருப்பதில்லை.

இவற்றை ஒன்றாக வைத்துக் கணக்கிடுங்கள். ஜனவரியில் இரண்டு மாதக் குட்டிகளாக ஒரு சோடி வீட்டுக்கு வருகிறது. ஏப்ரலில் பெண் கருத்தரிக்கிறது, அதுவும் ஆண்டின் மிக வெப்பமான வாரங்களில். மே மாதம் ஆறு குட்டி. ஆண் அதே கூட்டில் இருப்பதால் அன்றே மீண்டும் கரு. ஜூனில் இன்னும் ஆறு. ஜூலையில் இன்னும் ஆறு. மூன்று மாதத்தில் ஒரே தாய்க்கு 18 குட்டிகள். முதல் ஈற்றுக் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்த ஈற்றை அது வயிற்றில் சுமக்கிறது. செப்டெம்பரில் முதல் ஈற்றுக் குட்டிகள் வயதுக்கு வருகின்றன. பிரிக்காவிட்டால் அண்ணனும் தங்கையும், தாயும் மகனும் சேர்கிறார்கள். கூடப்பிறந்தவை சேர்ந்து பிறக்கும் குட்டியின் மரபணுக்களில் நான்கில் ஒரு பங்கு இரு பக்கமும் ஒரே மூலத்திலிருந்து வந்தவையாக இருக்க வாய்ப்புண்டு. மறைந்திருக்கும் குறைகள் வெளிப்படும் இடம் அதுதான். கோணிய பல், பலவீனமான குடல், பிறந்து சில நாளில் மடியும் குட்டிகள் ஆகியவற்றை விற்பவர் ‘ராசியில்லாத ஈற்று’ என்று ஒதுக்கிவிடுகிறார்.

இந்தச் சுழற்சியில் தாயின் உடல் கரைகிறது. கர்ப்பத்தின் கடைசி நாட்களில் உணவு குறைந்தால் இரத்தத்தில் நச்சு சேர்ந்து திடீரென இறக்கும் நோய் உண்டு. அசுத்தமான கூட்டில் மடி வீங்கிப் பழுக்கும். கம்பிவலைத் தரையில் நாள் முழுக்க நிற்கும் கனத்த பெண்ணின் பின்னங்கால் அடிப்பாதம் மயிர் உதிர்ந்து, தோல் கிழிந்து புண்ணாகும். முயலின் பாதத்தில் நாயின் பாதம்போலத் தடித்த மெத்தை இல்லை; மயிர்தான் அதற்குச் செருப்பு. பலகையோ பாயோ போட்ட ஒரு மூலை கூட்டில் இருந்தாலே இந்தப் புண்ணைப் பெருமளவு தவிர்க்கலாம்.

முதல் எட்டு வாரம்

குட்டி போடுவதற்கு ஓரிரு நாள் முன் தாய் தன் வயிற்று மயிரைப் பிடுங்கி, புல்லும் தும்பும் கலந்து படுக்கை அமைக்கும். குட்டிகளை அதனுள் புதைத்துவிட்டு விலகிப் போய்விடும். நாளுக்கு ஒரு தடவை, பெரும்பாலும் இரவிலோ விடியலிலோ வந்து, மூன்று முதல் ஐந்து நிமிடம் மட்டும் பால் கொடுக்கும். காட்டில் வேட்டை விலங்கின் கண் வளையின் மீது படாதிருக்க அமைந்த இயல்பு இது. வீட்டில் இதை யாரும் பார்ப்பதில்லை. பகல் முழுக்கத் தாய் குட்டியருகே போகவில்லை என்று கண்டு, “தாய் கைவிட்டுவிட்டது” என்று முடிவுசெய்து, குட்டிகளை எடுத்து மாட்டுப் பாலோ கரைத்த பால்மாவோ புகட்டுகிறார்கள். முயல் பால் கொழுப்பிலும் புரதத்திலும் மாட்டுப் பாலைவிடப் பல மடங்கு செறிவானது. புகட்டிய பால் நுரையீரலுக்குள் போகும், குடல் கெடும், குட்டிகள் ஒவ்வொன்றாக மடியும். உண்மையில் காலையில் படுக்கையை மெல்ல விலக்கி, குட்டியின் வயிறு உருண்டு தெரிகிறதா என்று ஒரு தடவை பார்ப்பதே போதும். வயிறு நிறைந்திருந்தால் தாய் வந்து போயிருக்கிறது.

குட்டியின் கண் பத்தாம் நாள் அளவில் திறக்கும். மூன்றாம் வாரத்தில் புல்லைக் கொறிக்கத் தொடங்கும். அந்த நான்காம், ஐந்தாம் வாரத்தில்தான் அது மிக அழகாக இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் பஞ்சுருண்டை. விற்பனையும் அப்போதே நடக்கிறது. குட்டியின் குடலுக்கு அதைவிடக் கெட்ட நேரம் இல்லை. பால் குடிக்கும் காலத்தில் குட்டியின் வயிற்றில் அமிலம் குறைவு. தாய்ப்பாலிலிருந்து உருவாகும் கொழுப்பமிலங்களே கிருமிகளைத் தடுத்து நிற்கின்றன. பால் மறக்கும்போது அந்தக் காவல் போய், வயிற்றமிலம் வலுப்பெறும் வரை ஒரு இடைவெளி. அந்த நாட்களில் தாயைப் பிரித்து, பயணம் செய்யவைத்து, புது உணவு கொடுத்தால் வயிற்றோட்டம் எளிதில் பிடிக்கும். கொக்சிடியா என்ற ஒட்டுண்ணி குட்டிகளைக் கொத்தாகச் சாய்ப்பதும் இப்பருவத்தில்தான். குட்டியை எட்டு வாரமாவது தாயோடோ கூடப்பிறந்தவற்றோடோ வைத்திருக்க வேண்டும் என்று மிருக வைத்தியர்கள் சொல்வதன் காரணம் இது.

இளங்குட்டியை விற்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. நான்கைந்து வாரத்தில் ஆண் பெண் பிரித்தறிவது பழகிய கைக்கே கடினம். “இரண்டும் பெட்டை” என்று நல்லெண்ணத்தோடு சொல்லி விற்ற சோடியில் ஒன்று ஆணாக வளர்ந்து நிற்கும். அது தெரியவரும் நாள், பெரும்பாலும், முதல் ஈற்றின் நாளாக இருக்கும்.

அழகுக்கு அடங்கிய உடல்

சாதாரண வெள்ளை முயலுக்குப் பதிலாக, தட்டை முகக் குட்டைமுயல், தொங்குகாது முயல், நீள்மயிர் அங்கோரா என்று ‘வெளிநாட்டு’ இனங்களுக்கு இணைய விளம்பரங்கள் வழியே ஆசை பெருகியிருக்கிறது. இவற்றுக்குக் கூடுதல் விலை கிடைப்பதால் வீட்டிலேயே இனம்பெருக்கும் ஊக்கமும் கூடுகிறது. இந்த உருவங்களுக்கு முயல் கொடுக்கும் விலை வேறு.

குட்டைமுயலின் சிறு உருவத்துக்கு ஒரு மரபணுவின் ஒரு பகுதி இழக்கப்பட்டிருப்பதே காரணம் என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த மாற்றம் ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தால் குட்டி சிறிதாக வளரும். இரு பக்கமும் வந்தால் குட்டி மிகச் சிறியதாகப் பிறந்து சில நாளில் இறந்துவிடும். அந்த மாற்றமுள்ள இரண்டு குட்டைமுயல்களைச் சேர்த்தால், ஈற்றில் சராசரியாக நான்கில் ஒரு குட்டிக்கு அந்த விதி. இது விபத்தல்ல, சேர்க்கும்போதே தெரிந்த கணக்கு.

முகம் குறுகும்போது பல்லுக்கு இடம் மாறுகிறது. முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. முன்பல் வாரத்துக்கு இரண்டு முதல் மூன்று மில்லிமீற்றர் வளரும். மேலும் கீழும் சரியாகப் பொருந்தித் தேய்ந்தால்தான் வாய் வேலை செய்யும். தாடை பொருந்தாமல் பிறந்த முயலின் பல் வளைந்து உதட்டைக் குத்தும். பின்பல்லின் முனை நாக்கைக் கிழிக்கும். உணவைப் பார்த்து ஓடிவந்து, வாயில் வைத்துவிட்டுக் கீழே போட்டுவிடும் முயலுக்குப் பசி இருக்கிறது, மெல்லத்தான் முடியவில்லை. 2019இல் இங்கிலாந்தின் அரச கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், ஒரு காப்பகத்தின் தொங்குகாது முயல்களையும் நிமிர்காது முயல்களையும் ஒப்பிட்டு, தொங்குகாது முயல்களில் காதுக்குழாய் குறுகலும் காது வலியும் பல் நோயும் கூடுதலாக இருப்பதைக் கண்டனர். பின்னர் பிரித்தானிய மருத்துவமனைப் பதிவுகளை வைத்துச் செய்த மிகப் பெரிய ஆய்வு பல் நோய்க்கும் காது, முக வடிவுக்கும் அத்தகைய தொடர்பைக் காணவில்லை. எனவே பல்லைப் பொறுத்தவரை வடிவத்தை மட்டும் குற்றம் சொல்வது அவசரமாகும். உணவும் பரம்பரையும் சேர்ந்தே பார்க்கப்பட வேண்டும். நீள்மயிர் இனத்தைப் பற்றி விவாதத்துக்கு இடமே இல்லை. குளிர்நாட்டுக் கம்பளத்தைப் போர்த்திய ஓர் உடலைக் கற்பிட்டியில் இனம்பெருக்குவதை எந்த நியாயத்தாலும் காக்க முடியாது.

புல்லும் மருந்தும்

முயல் உணவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நார் மிகுந்த புல்லாக இருக்க வேண்டும். பல் தேய்வதும் குடல் அசைவதும் அதனால்தான். பாண் துண்டு, பிஸ்கட், கோழித்தீனி ஆகியவை குடலுக்குக் கேடு. மேலைநாட்டு நூல்கள் சொல்லும் உலர்புல் நமக்குக் கிடைக்காவிட்டாலும் குறையில்லை. தென்னந்தோட்ட ஓரங்களில் தானே வளரும் கினிப் புல் நல்ல தீனி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோயம்புத்தூரில் உருவாக்கி, இலங்கைப் பால்பண்ணையாளர்களிடையே பரவிய கோ-3 புல்லின் இளம் இலையும் ஆகும். மழைக்காலத்துக்குப் பின் வெட்டி நிழலில் காயவைத்தால் வறட்சி மாதங்களுக்கும் இருக்கும். இப்பில்-இப்பில் இலையைத் தொடர்ந்து கொடுத்தால் அதிலுள்ள மிமோசின் மயிரை உதிர்க்கும். கற்பிட்டித் தோட்டங்களில் கழியும் வெங்காயத் தாளும் உருளைக்கிழங்கு இலையும் முயலுக்கு நஞ்சு. மருந்தடித்த வயலின் மரக்கறி இலையைக் கழுவாமல் போடுவதும் அப்படியே.

நோய் வந்தபின் வழி குறுகிவிடுகிறது. அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் முதன்மையாக மாடு, ஆடு, கோழிக்காக அமைந்தவை. நாட்டின் ஒரே மிருக வைத்திய பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. கற்பிட்டியிலிருந்து அது நெடுந்தூரம். அதனால் பலர் பாமசி மாத்திரையில் இறங்குகிறார்கள். வாய்வழி அமொக்சிசிலினும் பெனிசிலினும் முயலின் குடல் நுண்ணுயிர்களைக் குலைத்துக் கொல்லக்கூடியவை. நாயின் தெள்ளுக்கு அடிக்கும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு ஆகாது. காதிலும் மூக்கிலும் பொருக்குத் தட்டும் சிரங்குக்கு, வைத்தியர் எடை பார்த்துக் கொடுக்கும் ஐவர்மெக்டின் நன்கு கேட்கும். வீட்டுப் பிள்ளைகளின் கையில் தொற்றுமுன் அதைப் பார்த்துவிட வேண்டும்.

கருத்தடைச் சத்திரசிகிச்சை மேலைநாடுகளில் முதல் பரிந்துரை. அதற்குக் காரணமும் வலுவானது: கருப்பை அகற்றப்படாத பெண் முயல்களில் நடுவயதுக்குப் பின் கருப்பைப் புற்றுநோய் மிகப் பரவலாக வருகிறது. ஆனால் முயலுக்கு மயக்கமருந்து ஆபத்தானது. 2008இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில் மயக்கத்தோடு தொடர்புடைய இறப்பு நாயில் நூற்றுக்கு 0.17, பூனையில் 0.24, முயலில் 1.39 ஆக இருந்தது. அனுபவமுள்ள வைத்தியர் கிடைத்தால் ஆணுக்கு விதை நீக்குவது எளிதான தொடக்கம். அதன் பின்னும் ஆறு வாரம் பெண்ணிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும். வைத்தியர் கிடைக்காத ஊரில் கத்தியைவிடப் பாதுகாப்பான வழி ஒரு தடுப்புப் பலகைதான்.

சட்டத்தின் நூறு ரூபா

இலங்கையில் விலங்கு வதைக்கு எதிரான அடிப்படைச் சட்டம் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன் அபராத உச்சம் நூறு ரூபா. 2006இல் சட்ட ஆணைக்குழு புதிய விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றை வரைந்தது. விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவருக்கு அதைப் பராமரிக்கும் கடமை உண்டு என்பது அதன் மையக் கருத்து. 2016இல் அமைச்சரவை ஒப்புதல் கிடைத்த பின்னும் அது இழுபட்டது. அடித்தலையும் வதைத்தலையும் மட்டும் காணும் பழைய சட்டத்துக்கு, சோடி விற்பனையும் ஐந்து வாரக் குட்டியும் தகரக் கூடும் கண்ணில் படா.

இதே புத்தளம் மாவட்டத்தில் விலங்குகளின் உயிர் பற்றி உரத்த விவாதம் நடந்ததுண்டு. முன்னேஸ்வரத்தில் பத்திரகாளியம்மன் கோயிலின் மிருக பலி 2011இல் நாடறிந்த சர்ச்சையாகி நீதிமன்றம் வரை போனது. ஒரு திருவிழா நாளின் காட்சி நாட்டையே பேசவைக்கும். ஒவ்வொரு நண்பகலும் ஆயிரம் கொல்லைப்புறங்களில் சத்தமின்றி நிகழ்வதை யாரும் செய்தியாக்குவதில்லை. முயல் வலியை வெளிக்காட்டாத பிராணி என்பதும் இதற்குக் காரணம். பலவீனத்தைக் காட்டிய முயல் காட்டில் முதலில் பிடிபடும்.

பிரித்தானியாவில் 1965இல் பிரம்பெல் குழு பண்ணை விலங்குகளின் நலத்தை ஆராய்ந்ததிலிருந்து, பசி, வலி, அச்சம், அசௌகரியம் ஆகியவற்றிலிருந்து விடுதலையும் இயல்பாக நடந்துகொள்ளும் சுதந்திரமும் விலங்கு நலத்தின் அளவுகோலாயின. அந்த அளவுகோல் நமக்கு அந்நியமானதல்ல. பூனையொன்றைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல் தானே தேடி உண்ணவும் விடாத பெண்ணைப் பற்றிய நபிமொழி இந்தக் கரையோரப் பள்ளிவாசல்களில் பலமுறை சொல்லப்பட்டதுதான். ஓர் உயிரை அடைத்து வைத்தவருக்கு அதன் ஒவ்வொரு தேவைக்கும் பொறுப்பு உண்டு என்பதே அதன் சாரம்.

செய்யக்கூடியவை

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விற்பவர் ஆணையும் பெண்ணையும் சோடி சேர்த்து விற்பதை நிறுத்தலாம். இரண்டு வேண்டும் என்று கேட்பவருக்கு எட்டு வாரம் கடந்த, கூடப்பிறந்த இரண்டு பெட்டைகளைக் கொடுக்கலாம்; இரண்டு ஆண்கள் வயதுக்கு வந்ததும் கடித்துக்கொள்ளும். துணையும் கிடைக்கும், குட்டியும் பிறக்காது. இனம்பெருக்க வேண்டியவர் பெண்ணுக்கு ஆறு மாதம் நிறையும் வரையும், ஈற்றுக்கு ஈற்று குறைந்தது இரண்டு மாதமும் காத்திருக்கலாம். பங்குனி தொடக்கம் வைகாசி வரை இணை சேர்ப்பதை அறவே விடலாம். பல் கோணிய முயலை எவ்வளவு அழகாயிருந்தாலும் இனப்பெருக்கத்துக்கு எடுக்காமல் விடலாம்.

வளர்ப்பவர் தகரத்தைக் கழற்றிக் கிடுகு வேயலாம். கூட்டை மர நிழலில், கடற்காற்று இரு பக்கமும் ஊடுருவும்படி வைக்கலாம். கூட்டின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய பேணிகளில் நிறுத்தினால் குட்டிகளை எறும்பு மொய்க்காது. உறையவைத்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி நண்பகலில் உள்ளே வைத்தால் முயல் அதில் சாய்ந்து கிடக்கும். பிரித்தானிய முயல் நல அமைப்பு ஒரு சோடிக்கு 3 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம், 1 மீற்றர் உயரம் கேட்கிறது. அவ்வளவு பெரிய கூடு எல்லோருக்கும் இயலாது. ஆனால் மாலையில் நாய் வராத, வலை அடித்த முற்றத்தில் இரண்டு மணி நேரம் ஓடவிடுவது பலருக்கு இயலும்.

கால்நடை அலுவலகங்கள் ஆட்டுக்கும் கோழிக்கும் நடத்தும் பயிற்சியோடு முயலுக்கு ஒரு மணி நேரம் சேர்க்கலாம். பாடசாலைகள் செல்லப்பிராணி பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, குட்டி எப்படி வந்தது, வளர்ந்தபின் எங்கே போகும் என்ற கேள்விகளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கோட்பாடுதான். முயல் எட்டு முதல் பத்தாண்டு வரை வாழக்கூடிய பிராணி. அத்தனை ஆண்டு வாழ இடமும் நிழலும் தீனியும் உறுதியாகாத குட்டியைப் பிறக்கவிடக் கூடாது. கூட்டுக் கதவு நம் கையில் இருக்கிறது. ஆணையும் பெண்ணையும் சேர்ப்பதும் பிரிப்பதும் நாம். ஆகவே ஒவ்வொரு ஈற்றும் ஒரு மனிதரின் முடிவு. அந்த முடிவை எடுத்தவரே, விற்ற பின்னும், அந்தக் குட்டிகளுக்குப் பொறுப்பாளி.